இரண்டு அலுமினியப் பாதிகளுக்கு ஒரு விலை

பெரியப்பாவின் பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிளுக்கு நான் இதுவரை இரண்டு எஞ்சின்கள் வாங்கியிருக்கிறேன். முதலாவதைக் காதால் வாங்கினேன். இரண்டாவதை நகத்தாலும் காந்தத்தாலும் ஒரு சிட்டிகை விபூதியாலும் வாங்கினேன். இரண்டுக்கும் இடையில் நான்கு வருடங்களும், வீட்டில் வெளிப்படையாகச் சொல்ல முடியாத ஒரு தொகையும் கழிந்தன.

மோட்டார் சைக்கிள் 1952ஆம் ஆண்டுக்குரியது. இலக்கத்தகட்டில் சிலோன் என்ற பெயரிலிருந்து எடுத்த ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய தகடு அது. அந்த ஓர் எழுத்துக்காக இந்த நாடு பட்ட பாட்டைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா அதை வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போக வைத்திருந்தார். ஒருநாள் காலி வீதியில் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் தண்டான கொன்ரொட் முறிந்து, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. உடைந்த எஞ்சினை யாரோ பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். சட்டகமும் சில்லுகளும் தாங்கியும் பதிவுப் புத்தகமும் மட்டும் என் கைக்கு வந்தன.

பி31 என்பது பர்மிங்காமின் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையில் 1945 முதல் 1959 வரை செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டி. சிலிண்டரின் விட்டம் 71 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 88 மில்லிமீற்றர், கொள்ளளவு 348 சீசீ. இரும்புச் சிலிண்டரும் இரும்பு ஹெட்டும் அலுமினியக் கிராங்க் கேஸின் மேல் நிற்கின்றன. கியர் பெட்டி எஞ்சினோடு சேர்ந்ததன்று, தனியே பூட்டப்படுவது. எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தேங்கி நிற்காமல் வெளியே ஒரு தாங்கியில் இருந்து, பம்பினால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. இந்த இரண்டு விபரங்களும் பழைய எஞ்சினைச் சோதிக்கிறவருக்கு முக்கியமானவை. ஏனென்றால் மேசையில் தனியே வைத்திருக்கும் எஞ்சினுக்குக் கிக்கர் கிடையாது. மிதித்துப் பார்த்து வாங்கும் பேச்சுக்கே இடமில்லை.

முதல் எஞ்சினை நான் வாங்கியபோது அது இன்னொரு வண்டியில் பூட்டி ஓடிக்கொண்டிருந்தது. கிராங்க் கேஸுக்கு வெள்ளி நிறப் பெயின்ற் புதிதாய் அடித்திருந்தார்கள். விற்றவர் இரண்டாவது மிதியில் ஸ்டார்ட் செய்தார். ஐட்லிங்கில் ஒவ்வொரு வெடியையும் எண்ணக்கூடிய அந்த நிதானமான சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. தடித்த எண்ணெயை நிரப்பி, முன்கூட்டியே சூடாக்கி வைத்த எந்த எஞ்சினும் கால் மணித்தியாலத்துக்கு நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும் என்பதும், நான் வந்தபோது ஹெட் ஏன் ஏற்கெனவே சுட்டது என்று கேட்டிருக்க வேண்டும் என்பதும் பிறகு தெரிந்தவை.

எழுநூறு கிலோமீற்றர் ஓடியபின் அடியிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கும் எழுபது வயது மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். நான் அவரை ஐயா என்று அழைப்பேன். பஞ்சிகாவத்தையிலுள்ள பழைய வாகனச் சாமான் கடைக்காரர்களுக்கு அவர் பாஸ். அவர் கிராங்க் கேஸைப் பிரித்து, பெயாரிங் உட்காரும் குழியை என்னிடம் காட்டினார். குழியின் உட்சுவர் முழுவதும் சென்ரர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் குத்திய புள்ளிகள், அம்மைத் தழும்பு போல வரிசையாக இருந்தன. பெயாரிங்கின் வெளி வளையம் குழிக்குள் இறுக்கமாய் நிற்க வேண்டும். அது தளர்ந்து சுழலத் தொடங்கினால் அலுமினியத்தைத் தின்றுகொண்டே போகும். யாரோ ஒருவர் குழியைச் சரியாகக் கடைந்து வளையம் போடாமல், அந்த உளியும் சுத்தியலும் கொண்டு சுவரைக் குத்திப் புடைக்க வைத்து, அந்தப் புடைப்பில் பெயாரிங்கைச் செருகியிருந்தார். அது விற்கும் வரைக்கும் நிற்கும். ஆனால் எனக்கு வாய்த்ததில், குழியைச் சுற்றியிருந்த சுவரே வெடித்திருந்தது.

"தம்பி சத்தத்துக்குக் காசு குடுத்திருக்கிறீர்" என்றார் ஐயா. அதற்கு மேல் அவர் திட்டவில்லை.

அன்றைக்கு அவர் சொன்ன கணக்கைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் விரித்து எழுதுகிறேன். பி31 எஞ்சின் ஒன்றில் பிஸ்டன், ரிங், வால்வு, வால்வு கைட், கொன்ரொட்டின் அடிமூட்டான பிக் எண்ட், பெயாரிங்குகள் ஆகிய எல்லாம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை இன்றும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் போர் பண்ணலாம், முடியாதபோது உள்ளே புதுக் குழலாய் ஸ்லீவ் போடலாம். கொழும்பில் அதைச் செய்கிற லேத்காரர்கள் உண்டு. என் போன்றவனுக்கு எட்டும் விலையில் கிடைக்காதது கிராங்க் கேஸ் ஒன்றுதான். அதிலும் இடது பாதியும் வலது பாதியும் தொழிற்சாலையில் ஒன்றாகப் பூட்டிச் சோடியாகக் கடையப்பட்டவை. ஓர் எஞ்சினின் இடதையும் இன்னொன்றின் வலதையும் சேர்த்தால், இரண்டு பெயாரிங் குழிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே பழைய எஞ்சின் வாங்குகிறவர் உண்மையில் அந்த இரண்டு அலுமினியப் பாதிகளைத்தான் வாங்குகிறார். உள்ளே கிடப்பது எல்லாம் தேய்ந்தது என்று வைத்து விலை பேச வேண்டும். நல்லதாக எதுவும் வந்தால் அது கொசுறு.

இரண்டாவது எஞ்சின் பஞ்சிகாவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. மருதானைக்குப் பக்கத்திலுள்ள அந்தப் பகுதியை அறியாத வாகனக்காரர் இந்த நாட்டில் இல்லை. முன்வரிசைக் கடைகளில் கொள்கலனில் வந்த ஜப்பான் எஞ்சின்கள் அடுக்கியிருக்கும். அவற்றைப் பூட்டி ஓட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பழைய இங்கிலாந்து எஞ்சின்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவை கப்பலில் வருவன அல்ல. தோட்டத்துக் கொட்டில்களிலிருந்தும், இறந்துபோனவர்களின் பின்வளவுகளிலிருந்தும் ஒவ்வொன்றாய் வந்து சேர்வன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும் வரைக்கும் இருந்த காலத்தில், நான் விசாரித்த பழையது எதுவும் விலையில் இறங்கவில்லை.

"யாழ்ப்பாணத்தால வந்த சாமான், தம்பி. ஒரு டொக்டருட வண்டில இருந்தது. ஒருத்தரும் கை வைக்கல்ல" என்றார் கடைக்கார நானா.

அந்த வாக்கியம் எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை. கொக்குவிலில் வளர்ந்தவன் நான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கிடைக்காதபோது எங்கள் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஊர் முழுவதும் அந்த வெள்ளைப் புகை மணக்கும். எஞ்சினுக்கு அது என்ன செய்தது என்பதை அப்போது எவரும் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஓடினால் போதும் என்றிருந்தது. மண்ணெண்ணெய் முழுதாய் எரிவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, கிராங்க் கேஸிலுள்ள எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்கிறது. சிலிண்டர் தேய்கிறது, ரிங்குகள் கரியில் ஒட்டிக்கொள்கின்றன, நீர்த்த எண்ணெயில் ஓடிய பிக் எண்ட் காலத்துக்கு முந்தியே முடிகிறது. ஆகவே ஒரு யாழ்ப்பாண எஞ்சினில் எவை போயிருக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அவை எல்லாம் மாற்றக்கூடியவை. கிராங்க் கேஸை மண்ணெண்ணெய் ஒன்றும் செய்வதில்லை.

கடைக்குள் போவதற்கு முன்பே ஐயாவும் நானும் ஒரு விஷயத்தில் உறுதியாயிருந்தோம். திறந்து பார்க்க விடாவிட்டால் திரும்பிவிடுவது. நானா முதலில் மறுத்தார். முற்பணத்தை மேசையில் வைத்து, எங்களுக்கு வேண்டாம் என்றால் முன்பிருந்தபடியே பூட்டித் தருவதாகவும், கஸ்கெட்டுகளுக்குரிய காசைத் தனியாகத் தருவதாகவும் சொன்னபின் ஒரு வாங்கை இழுத்துப் போட்டுத் தானும் பார்க்க உட்கார்ந்தார். வாங்குகிறவர்கள் இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள் என்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். கூச்சத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை விலை கொடுத்துவிட்டேன்.

முதலில் இலக்கம். இந்த எஞ்சினில் அது இடப்பக்கத்தில், சிலிண்டருக்குச் சற்றுக் கீழே, கிராங்க் கேஸின் தட்டையான மேடையில் குத்தப்பட்டிருக்கும். என் வண்டியின் காலத்துக்குரியது இசட்பி31 என்று தொடங்க வேண்டும். அதற்குப் பிந்திய வருடங்களில் பிபி31 என்று தொடங்குபவை வந்தன. எழுத்துகளின் ஆழமும் சாய்வும் ஒரே கையால் குத்தியவை போல இருக்கின்றனவா, மேடையின் மேற்பரப்பு சுற்றியுள்ள வார்ப்பைவிடப் பள்ளமாக அரம் போட்டதாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் அசல் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். பி.எஸ்.ஏ.யைப் பொறுத்தவரை இந்தக் காலத்து வண்டிகளில் இரண்டும் தொழிற்சாலையிலேயே வெவ்வேறாகத்தான் இருந்தன. ஒரு 1952 வண்டியில் இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒத்திருக்க வேண்டியது பதிவுப் புத்தகத்தோடுதான். பி.எஸ்.ஏ.யின் விலையுயர்ந்த கோல்ட் ஸ்டார் மாதிரியின் 350 எஞ்சினுக்கும் இதே 71க்கு 88 அளவுதான். அதன் இலக்கம் இசட்பி32 என்று தொடங்கும். ஒன்றை இரண்டாகத் திருத்திவிட்டால் விலை பல மடங்காகும் என்பதால் அந்த ஓர் இலக்கத்தை மட்டும் பூதக்கண்ணாடியால் பார்ப்பது நல்லது. ஆயினும் கோல்ட் ஸ்டாருக்குச் சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம் என்பதால், இரும்புச் சிலிண்டரை வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்வது கடினம்.

பிறகு நட்டுகளைப் பார்த்தோம். இந்த எஞ்சினின் நட்டுகளுக்கு விட்வர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவு ஸ்பானர்தான் பொருந்தும். மில்லிமீற்றர் ஸ்பானரை வைத்துத் திருப்பியவர் ஒவ்வொரு நட்டின் மூலையையும் உருட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார். மூலை உருண்ட நட்டு ஒன்றிரண்டு எந்த எஞ்சினிலும் இருக்கும். ஆனால் டைமிங் கவர் முழுவதும் ஸ்குரூ தலைகள் பிய்ந்து, கிராங்க் கேஸ் பாதிகள் சேரும் விளிம்பில் ஸ்குரூ டிரைவரை நெம்பிய பள்ளங்கள் இருந்தால், உள்ளே எந்தத் தரமான கை போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நானாவின் எஞ்சினில் நட்டுகள் துருவேறி இருந்தனவே தவிர மூலைகள் கூராக இருந்தன. ஒருவரும் கை வைக்கவில்லை என்று அவர் சொன்னது இந்த ஒரு விஷயத்தில் உண்மை.

பிளக்கைக் கழற்றி, துளையைப் பெருவிரலால் மூடிக்கொண்டு, கிராங்க் ஷாஃப்டின் நட்டில் ஸ்பானரைப் போட்டுச் சுற்றினோம். விரலை நன்றாகவே தள்ளியது. நானாவின் முகம் மலர்ந்தது. ஐயா சிரித்தார். நாட்பட்டுக் கிடந்த எஞ்சினின் சிலிண்டருக்குள் எவராவது எண்ணெய் ஊற்றி வைத்திருந்தால், அந்த எண்ணெயே ரிங்கின் இடைவெளியை அடைத்து அழுத்தத்தைக் காட்டும். இதற்கு மறுதலையான ஏமாற்றமும் உண்டு. பி31இல் மிதிப்பதை இலகுவாக்க எக்ஸோஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. துருவில் அது தூக்கிய நிலையில் சிக்கியிருந்தால் நல்ல எஞ்சின்கூட அழுத்தமில்லாமல் சுற்றும். ஆகவே அழுத்தத்தைப் பார்த்து இந்த எஞ்சினை வாங்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. அந்தச் சுற்றலில் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிஸ்டன் மேலே வந்து நின்றதும் ஸ்பானரை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் அடியில் 'டொக்' என்று ஒன்று கைக்குத் தட்டுப்படக்கூடாது. எங்களுக்குத் தட்டுப்பட்டது.

அடுத்ததாக எஞ்சினைச் சாய்த்து, அடியிலுள்ள தகட்டின் நட்டுகளைக் கழற்றினோம். ஒரு பழைய எஞ்சினைப் பற்றி மிக அதிகம் சொல்லக்கூடிய இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஹெட்டைக் கழற்றாமல் விடச் சொன்னாலும் நான் இணங்குவேன், இந்தத் தகட்டை விடமாட்டேன். ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குக் கறுத்த எண்ணெய் ஒழுகியது. மண்ணெண்ணெய் மணம் இத்தனை வருடங்களுக்குப் பின்பும் அதில் இருந்ததா, அல்லது என் நினைவுதான் மணந்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. தகட்டோடு சேர்ந்த வலையில் கூழ் போன்ற சேறு படிந்திருந்தது. அதை ஐயா ஒரு பழைய சோறு போடும் கோப்பையில் வழித்து, கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கரைத்து, கோப்பையின் அடிப்புறத்தில் ஒரு காந்தத்தை வைத்துச் சுழற்றினார். கருமையான மை போன்ற தூள் காந்தத்தின் பின்னால் வந்தது. அது ஆயுள் முழுவதும் தேய்ந்த இரும்பு, எந்த எஞ்சினிலும் இருப்பது. அதற்குள் இரண்டு மூன்று செதில்கள், மீன் செதிலைப் போலப் பளபளத்து, ஓரம் கூராக வந்தன. செதில் என்பது தேய்வு அன்று, பெயாரிங்கின் மேற்பரப்பு உரிந்தது. காந்தத்துக்கு வராமல் அடியில் தங்கியவற்றில் பொன்னிறத் துகள்கள் சில இருந்தன. அவை பித்தளை வகைப் புஷ்களிலிருந்து வந்தவை, பெரிய கவலைக்குரியன அல்ல. வெள்ளையாய், மென்மையாய், நகத்தால் அழுத்தினால் நசுங்கும் அலுமினியத் துண்டுகள் இருந்தால் கிராங்க் கேஸே தேய்கிறது என்று பொருள். அவற்றைத்தான் நான் நெஞ்சு படபடக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை.

அதே இடத்தில் இன்னொரு சிறு சோதனையும் இருக்கிறது. திரும்பிப் போகும் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் நுனியில் ஓர் உருண்டை வால்வு இருக்கும். ஒரு மெல்லிய கம்பியால் உருண்டையை மேலே தள்ளிவிட்டால் அது தன் எடையாலேயே கீழே விழ வேண்டும். சேற்றில் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் தாங்கிக்குத் திரும்பாது, எஞ்சின் அடியில் நிரம்பிப் புகை கக்கும். இங்கிலாந்து வண்டி என்றால் புகைக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டு ஓட்டுகிற பலருக்கு இந்த உருண்டையின் இருப்பே தெரியாது.

டைமிங் கவரைத் திறந்ததில் சொல்வதற்கு அதிகம் இல்லை. வால்வுகளைத் தூக்கும் கேம்களின் மூக்குகள் கூர்மையாக இருந்தன. கேமின் மேல் உட்காரும் டெப்பெட்டின் அடியில் மட்டும் சிறு குழிகள் காணப்பட்டன.

சிலிண்டரைக் கழற்றியபோது நான் எதிர்பார்த்த யாழ்ப்பாணம் முழுவதும் உள்ளே இருந்தது. பிஸ்டனின் தலையில் கரி தோசைக்கல்லின் அடி போலத் தடித்திருந்தது. ஐயா அதைச் சுரண்டியபோது கீழே 040 என்ற இலக்கம் தெரிந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிதாக ஏற்கெனவே போர் பண்ணப்பட்ட சிலிண்டர் என்று அதற்குப் பொருள். உள்ளே மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தேன். மேல் ரிங் எட்டாத இடத்தில் சிலிண்டர் தேயாமல் அப்படியே இருக்கும், எட்டும் இடத்தில் தேய்ந்திருக்கும். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள படி நகத்துக்குத் தெரியும். நல்ல சிலிண்டரில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் வாசற்படியில் கால் தடுக்குவது போல நகம் தடுக்கியது. இரண்டு ரிங்குகள் காடியிலேயே ஒட்டிக்கிடந்தன. ஸ்லீவ் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அந்த இடத்திலேயே கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பிறகு கொன்ரொட்டை இரு கைகளாலும் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் அது சற்றே ஆடும், ஆட வேண்டும். அதைக் கண்டு பயந்து நல்ல எஞ்சினை விட்டவர்களும் இருக்கிறார்கள். மேலும் கீழும் அசைவே இருக்கக்கூடாது. இதில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குக் கேட்குமளவு அசைவு இருந்தது. ஸ்பானரில் தட்டிய 'டொக்'கும் கோப்பையில் வந்த செதில்களும் இதைத்தான் சொல்லியிருந்தன.

இவ்வளவும் பார்த்தபின் நானா, எஞ்சின் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறோம் என்றே நினைத்தார். எங்களுக்கோ அதுவரைக்கும் பார்த்தது எல்லாம் முன்னுரை. கிராங்க் கேஸை வெளிப்புறமாய்ப் பெற்றோலால் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காய வைத்தோம். கொழும்பில் கடலுக்கு அண்மையில் கிடந்த அலுமினியத்தில் உப்புக் காற்று வெண்பொடியாகப் பூத்திருக்கும். இதில் அப்படி அதிகம் இல்லை. இரண்டு பாதிகளின் அடிப்புறத்திலும் குத்தியிருந்த சோடி இலக்கம் ஒன்றாகவே இருந்தது. பெயாரிங் அமரும் மேடுகளைச் சுற்றியும், எஞ்சினைச் சட்டகத்தில் பூட்டும் காதுகளிலும், சிலிண்டர் உட்காரும் வாயின் மூலைகளிலும் தூரிகையால் மண்ணெண்ணெய் பூசி அரை மணித்தியாலம் விட்டோம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கும். மேற்பரப்பை உலரத் துடைத்துவிட்டு ஏதாவது வெண்பொடியைத் தூவினால், உள்ளே இருப்பது மெல்லக் கசிந்து பொடியில் ஒரு கோடாகத் தெரியும். பள்ளிக்கூடச் சோக்கட்டியை இடித்துக் கொண்டுபோக நான் மறந்துவிட்டேன். ஐயா சேர்ட் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

"என்ன பாஸ், எஞ்சினுக்கும் பூசப் போறீங்களா?" என்று நானா கேட்டார்.

"உங்கட எஞ்சின் செத்ததோ உயிரோட இருக்கோ எண்டு பார்க்கிறன், நானா. ரெண்டுக்கும் இது பூசலாம்" என்றார் ஐயா.

மூவரும் அந்தச் சாம்பல் பூத்த அலுமினியத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பெயாரிங் மேடுகளிலும் விபூதி வெண்மையாகவே நின்றது. பின்பக்கக் கீழ்க் காதில், போல்ட் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு கோடு மெதுவாக இருண்டு, ஒரு நகக்கண் நீளத்துக்கு வந்து நின்றது. வண்டி எங்கேயோ விழுந்தபோது, அல்லது போல்ட் தளர்ந்தபடியே நெடுநாள் ஓடியபோது வந்த வெடிப்பாக இருக்க வேண்டும். அதன் நுனியில் சிறு துளையிட்டு மேலும் ஓடாமல் தடுத்து, ஆர்கன் வெல்டிங் செய்யலாம். பெயாரிங் குழியிலிருந்து தூரத்தில் இருப்பதால் வெல்டிங்கின் சூட்டில் குழி கோணும் அபாயமும் குறைவு. இதே கோடு பெயாரிங் மேட்டில் ஓடியிருந்தால் நான் கஸ்கெட் காசை வைத்துவிட்டு வெளியே நடந்திருப்பேன்.

உள்ளே பெயாரிங் குழிகளைப் பார்க்க கிராங்க் கேஸையே பிரிக்க வேண்டும். அதற்கு மட்டும் நானா ஒப்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. ஷாஃப்டை இரண்டு பக்கமும் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பார்த்தோம், அசைவில்லை. சேற்றில் அலுமினியம் இல்லாததும் நட்டுகளின் மூலைகள் கூராக இருந்ததும் சேர்ந்து, அந்தக் குழிகளில் சென்ரர் பஞ்ச் படவில்லை என்று நம்ப வைத்தன. நம்பிக்கைதான், அந்த இடத்தில் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. பிறகு கராஜில் பிரித்தபோது குழிகள் கண்ணாடி போல இருந்தன.

விலையைப் பேசியது ஐயா. போன சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழித்துக்கொண்டு வந்தார்: ஸ்லீவ், பிஸ்டன், பிக் எண்ட், டெப்பெட், காதுக்கு வெல்டிங். நானா முதலில் கேட்டது ஓடுகிற எஞ்சினின் விலை. நாங்கள் கொடுத்தது அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அவருக்கு அது நட்டமென்று நான் நினைக்கவில்லை, எனக்கு இலாபமென்றும் நினைக்கவில்லை. பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கத்தை முழுதாக எழுதி வாங்கிக்கொண்டேன். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும், அதற்கு இந்தச் சீட்டு வேண்டும். புத்தகத்திலுள்ள பெரியப்பாவின் பழைய இலக்கத்தைப் புதிய கிராங்க் கேஸில் குத்தித் தருவதாகச் சொன்ன ஒருவரும் அந்த ஒழுங்கையில் இருந்தார். அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, கொஞ்ச நேரத்துக்கு முன் பூதக்கண்ணாடியோடு நான் தேடியது அப்படிப்பட்டவரின் கைவேலையைத்தான்.

மிச்சமிருந்தது மெக்டைனோ. பற்றரிக்கு மின்சாரம் தரும் டைனமோவும், பிளக்குக்குப் பொறி தரும் மெக்னீட்டோவும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்த லூக்காஸ் கருவி அது. கடையில் கையால் சுற்றியபோது நீலமாக நல்ல பொறி வந்தது. ஆனால் இந்த மெக்னீட்டோவின் கொண்டென்சர், சுழலும் கம்பிச்சுருளான ஆமேச்சருக்கு உள்ளேயே இருக்கிறது. வயதான கொண்டென்சர் குளிரில் வேலை செய்யும், சூடேறியதும் கைவிடும். காலையில் முதல் மிதியில் ஸ்டார்ட் ஆகி, பம்பலப்பிட்டி சந்தியில் நின்று, பிறகு ஓர் மணித்தியாலம் நிழலில் வைத்த பின்னரே திரும்ப ஸ்டார்ட் ஆகிற பழைய வண்டிகள் பலவற்றுக்கு நோய் இதுதான். காபரேட்டரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார்கள்.

மறுநாள் மத்தியானம் மெக்டைனோவை வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்திலிருந்த தகரத்தின்மேல் வைத்தேன். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கியரைக் கையால் சுற்றிப் பார்த்தேன். முதல் தடவை பொறி கடையில் பார்த்தது போலவே இருந்தது. இரண்டாவது தடவை மஞ்சளாகி மெலிந்தது. முக்கால் மணித்தியாலத்தில், தொட முடியாத சூட்டில், துணியால் பிடித்துக்கொண்டு சுற்றியபோது ஒன்றுமே வரவில்லை. கீழே இறங்கி வந்து கணக்குக் கொப்பியில் ஆமேச்சர் என்று இன்னொரு வரி எழுதினேன்.